தூளி கட்டிய முட்டுக்கம்பு

என் மகளும் அங்கே தூங்கிக்கொண்டிருக்காவிட்டால், அந்தத் தூளியை நான் அவிழ்த்திருப்பேனா?

ஏழெட்டு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பாத்திரம் துலக்கும்போது வரும். பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தால் வரும். 'அவிழ்த்திருப்பேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். சொல்கிற குரலில் எனக்கே நம்பிக்கை இருக்காது.

சென்ற வாரம் இந்தத் தொடரில், வாடகை வீட்டைக் காலி செய்ய ஆசைப்பட்ட கதையோடு நிறுத்தியிருந்தேன். அல்லிநகரத்தைத் தாண்டி, புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் வீடு கட்டத் தொடங்கியதையும் சொன்னேன். அந்த வீட்டுக்குக் காங்கிரீட் போட்ட நாளைப் பற்றி எழுதாமல் நழுவிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதினால் என் தவறையும் சேர்த்து எழுத வேண்டுமே.

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள் வாசகர்களிலும் இருப்பீர்கள். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு யாருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மூச்சு லேசாகிறது.

குளுகுளு மூலை

மாசி மாதக் கடைசி. பங்குனி பிறந்துவிட்டால் ஆகாது என்று மாமனார் அவசரமாக நாள் குறித்திருந்தார். என் கணவர் கம்பத்தில் பள்ளி ஆசிரியர். பொதுத்தேர்வு மேற்பார்வைக்குப் போட்டிருந்ததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. விடியற்காலையில் பஸ் ஏறும்போது, "அப்பா இருக்காங்க, மேஸ்திரி இருக்காரு. நீ டீ மட்டும் குடுத்துட்டுச் சும்மா இரு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சும்மா இருப்பது எனக்கு வராத கலை.

வாசலில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஆளுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாயிற்று. ரோட்டோரம் மிக்சர் மெஷின் உறுமத் தொடங்கியது. கலவையைச் சட்டியில் வாங்கிச் சித்தாள் பெண்கள் சாரத்தின் மேல் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். மேலே தகரம் பரப்பி, கம்பி கட்டிக் கூரை தயாராக இருந்தது. கீழே அதைத் தாங்கிக்கொண்டு சவுக்கு முட்டுக்கம்புகள், ஒரு சின்னத் தோப்பு மாதிரி.

ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. புதுப் பிளாட் ஆனதால் சுற்றிலும் மரமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு புங்கமரம். சித்தாள்களில் பேச்சியம்மாள் என்பவளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அவள் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அடுப்படிக்கென்று விட்டிருந்த அறையின் மூலையில் இரண்டு முட்டுக்கம்புகளுக்கு நடுவே சேலையைக் கட்டித் தூளியாக்கினாள்.

"ஆத்தா, இங்கன வாங்க. இந்த மூலைதான் குளுகுளுன்னு கெடக்கு, கொடைக்கானல் கணக்கா. உங்க பாப்பாவுக்கும் பக்கத்துலயே ஒண்ணு கட்டிப்புடுறேன்."

என் மகள் அபிக்கு அப்போது ஒன்றரை வயது. அவளும் வெயிலில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். என் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பேச்சியம்மாள் இரண்டு முடிச்சில் கட்டி, தன் உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுத்துப் பார்த்தாள்.

"யானைக்குட்டியப் போட்டாலும் தாங்கும்" என்றாள்.

சேலை தாங்குமா என்று பார்த்தோம். அதைக் கட்டிய கம்பைப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை

அந்த மூலை ஏன் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது?

நான்தான் காரணம்.

சுவர் எழும்பியதும் கருப்பையா மேஸ்திரி என்னிடம், "டீச்சரம்மா, ரெண்டு வேளையும் சுவரு தண்ணி குடிக்கணும். ஒரு பத்து நாளு" என்று சொல்லியிருந்தார். நான் டீச்சர் இல்லை. பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவள். வாத்தியார் மனைவி என்பதால் அவருக்கு நான் டீச்சரம்மா.

படிக்கிற காலத்திலிருந்தே எனக்கு ஒரு குணம். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மூன்று பக்கம் எழுதுவேன். பத்து நாள் போதும் என்றார். நான் இருபத்தைந்து நாள் தண்ணீர் விட்டேன். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததை நானாக நிறுத்தி, சுவரில் வெடிப்பு வந்துவிட்டால்?

முட்டுக்கம்புகளை நிறுத்திய பிறகும் விட்டேன். முந்தின நாள் சாயங்காலம் அடுப்படிச் சுவருக்கு மட்டும் இரண்டு மடங்காக விட்டேன். மேற்குச் சுவர், வெயில் நேராக விழும். மறுநாள் கூட்டத்தில் நேரமிருக்காது என்ற முன்யோசனை. சுவர் குடித்தது போக மிச்சமெல்லாம் கீழே இறங்கியது.

கீழே தரை போட்டிருக்கவில்லை. கொட்டி நிரப்பிய கிராவல் மண். அந்த மண்ணின் மேல் ஒரு செங்கல், செங்கல்லின் மேல் முட்டுக்கம்பு. அவ்வளவுதான் ஏற்பாடு.

செங்கல்லுக்கு அடியில்

அபி ஆட்டினால்தான் தூங்குவாள். ஆட்டினேன். பக்கத்துத் தூளியில் பேச்சியம்மாள் மகன் ஏற்கெனவே தூங்கியிருந்தான். தூளிக்கு வெளியே அவன் கால் ஒன்று தெரிந்தது. உள்ளங்காலில் கண்மை வைத்திருந்தாள்.

முன்பக்கத்து ஹாலின் மேல் காங்கிரீட் விழும் சத்தம். தொம், தொம் என்று ஒவ்வொரு சட்டியாக. அங்கிருந்து தொடங்கிப் பின்பக்கம் வந்து அடுப்படியில் முடிப்பார்கள்.

அபியின் கண் சொக்கும் நேரம். ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

சளக்.

தவளை என்று நினைத்தேன். தூளியை மறுபடி ஆட்டினேன். மறுபடியும் சளக். நிறுத்தினால் சத்தமில்லை. ஆட்டினால் உண்டு.

குனிந்து பார்த்தேன். தூளி அந்தப் பக்கம் போகும்போது முட்டுக்கம்பின் காலடிச் செங்கல் ஒரு நூல் அளவு எழும்பியது. இந்தப் பக்கம் வரும்போது அமுங்கியது. அமுங்கும்போது அதன் ஓரத்தில் செம்மண் தண்ணீர் கொப்புளம் விட்டது. செங்கல்லில் பாதி மண்ணுக்குள் போயிருந்தது.

கம்பின் மேல் கை வைத்தேன். பால் பல் ஆடுவது போல ஆடியது.

உடனே அலறியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு முதலில் வந்த எண்ணம், 'இப்படித்தான் இருக்குமோ?' என்பதுதான். எத்தனை வீடு கட்டியவர் மேஸ்திரி. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? மேலே பாரம் வந்தால் கம்பு இறுகிவிடுமோ என்னவோ. நான் போய்ச் சொல்லி, எல்லாரும் சிரித்து, மாமனார் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

தொம். தொம். சத்தம் ஹாலின் நடுப்பகுதிக்கு வந்திருந்தது.

'அவன் நேரம்'

இந்த இடத்தில் சின்னமனூரில் நான் பள்ளிக்குப் போன காலத்தில் பார்த்த ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர். நான் பார்க்கவில்லை, சாரம் சரிந்து விழுந்துவிட்டார் என்று சாயங்காலம் சொன்னார்கள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அதன் பிறகு அவர் வீட்டு வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போகிற வருகிற எங்களிடமெல்லாம் "மணி என்ன பாப்பா?" என்று கேட்பார். எங்களில் யாரிடமும் கடிகாரம் இருக்காது. தெரிந்தும் கேட்பார்.

அவரைப் பற்றிப் பேசிய எல்லாரும், "அவன் நேரம்" என்றே முடித்தார்கள். சாரம் கட்டிய கயிறு எந்த நிலைமையில் இருந்தது என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. அந்த வீட்டில் அடுத்த வாரமே வேறு ஆள் வைத்து அதே கயிற்றில் சாரம் கட்டி வெள்ளையடித்து முடித்தார்கள். அதை நான் பார்த்தேன்.

கம்பின் மேல் கை வைத்தபடி நின்ற அந்த நிமிடத்தில் எனக்கு அவர் முகம் ஞாபகம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் வரவில்லை. அன்று ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது.

புங்கமரம் வரை

நான் செய்தது இதுதான். அபியைத் தூளியிலிருந்து தூக்கினேன். தோளில் போட்டேன். கம்புகளுக்கு நடுவே குனிந்து குனிந்து வெளியே வந்தேன். ரோட்டைத் தாண்டினேன். புங்கமரத்து நிழலில் போய் நின்றேன்.

அப்போதுதான் அந்தக் கண்மை வைத்த உள்ளங்கால் ஞாபகத்துக்கு வந்தது.

எத்தனை காலடி அது? பின்னால் ஒருநாள் நடந்து பார்த்தேன். முப்பத்து நான்கு அடி. முப்பத்து நான்கு காலடி தூரம் எனக்கு அந்தப் பிள்ளையின் நினைப்பே இல்லை.

அபியை மரத்தடியில் மணல் மூட்டையின் மேல் படுக்க வைத்து, கிளையில் தொங்கிய மாமனாரின் துண்டைப் போர்த்திவிட்டு ஓடினேன். பேச்சியம்மாள் மகனை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் இரண்டு தூளிகளின் முடிச்சையும் அவிழ்த்தேன். அவிழ்க்காமல் விட்டால் வேறு யாராவது பிள்ளையைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்களோ என்று பயம். முடிச்சு இறுகியிருந்தது. இழுக்க இழுக்கக் கம்பும் கூடவே வந்தது. இழுக்காமலும் முடியவில்லை.

பிள்ளை முழித்து என்னைப் பார்த்து வீரிட்டான். அந்த அழுகை எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை.

சொல்லக்கூடாத சொல்

இனி யாரிடமாவது சொல்ல வேண்டும். எப்படி?

எங்கள் பக்கத்தில் காங்கிரீட் நாள் என்பது பாதிக் கல்யாணம். அன்றைக்கு வாயிலிருந்து 'விழும்', 'சரியும்', 'இடியும்' என்ற சொல் வரக்கூடாது. சட்டி கைதவறினால்கூட, "சட்டி இறங்கிருச்சு" என்பார்களே தவிர விழுந்தது என்று சொல்ல மாட்டார்கள். போதாததற்கு, தொடங்கிய காங்கிரீட்டைப் பாதியில் நிறுத்துவதும் ஆகாது.

சாரத்தின் அடியில் நின்று அண்ணாந்து கூப்பிட்டேன்.

"மேஸ்திரி, அடுப்படி ரூம்புல கீழே ஈரமா இருக்கு."

"ஈரம் நல்லதுதான டீச்சரம்மா! காங்கிரீட்டுக்குக் குளிர்ச்சிதான வேணும்."

"கம்பு ஆடுது மேஸ்திரி."

"ஆட்டுனா ஆடத்தான் செய்யும். ஆட்டாதீக!"

மேலே இருந்த ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "இல்ல, அது…" என்று இழுத்தேன். அதற்கு மேல் வர வேண்டியது அன்றைக்குச் சொல்லக்கூடாத சொல். மெஷின் சத்தத்தில் மேஸ்திரி திரும்பிக்கொண்டார்.

பந்தல்கால்

மாமனார் வாசலில் நாற்காலி போட்டு, தேங்காய்த் தட்டுக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். எனக்கு அவரிடம் மரியாதையைவிடப் பயம்தான் கொஞ்சம் கூடுதல். நாள் குறித்தது அவர். நல்ல நேரம் பார்த்தது அவர். அவரிடம் போய் நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது?

கல்யாணமாகி வந்த புதிதில் ஓடைப்பட்டித் தோட்டத்தில் நடந்த ஒன்று அப்போது எனக்குக் கைகொடுத்தது. காய் பிடித்திருந்த நேரம். மடையைத் திறந்துவிட்ட ஆள் தூங்கிப்போய், ஒரு மூலையில் தண்ணீர் கட்டி நின்றுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் அந்த மூலையில் பந்தல்கால் நான்கும் தலை சாய்ந்து நின்றன. கொடியும் காயும் அந்தப் பக்கமாகத் தொங்கின. மாமனார் யாரையும் திட்டவில்லை. சேற்றுக்குள் இறங்கி, அந்தக் காய்க் கொத்துகளைத் தோளில் தாங்கிக்கொண்டு, முட்டுக் கொடுக்கும்வரை அப்படியே நின்றார்.

"மாமா" என்றேன்.

"என்ன ஆத்தா? ஏன் பிள்ளைய அழ விட்டுக்கிட்டு நிக்கிற?"

"தண்ணி கட்டி நின்ன அன்னைக்கு நம்ம தோட்டத்துல பந்தல்கால் நின்னுச்சே மாமா… அடுப்படி ரூம்புல முட்டுக்கம்பு அந்த மாதிரி நிக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். அடுப்படி வாசலில் நின்று ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து மண்ணை மிதித்தார். கட்டைவிரல் புதைந்தது. எட்டி, முதல் கம்பைப் பிடித்து அசைத்தார்.

வெளியே வந்து அவர் போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"ஏலே கருப்பையா! மிசின நிறுத்து! பின்பக்கம் நிக்கிற அம்புட்டுப் பேரும் கீழ இறங்கு! விழுகப் போகுதுலே!"

சொல்லக்கூடாத சொல்லை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார்.

மெஷின் நின்றது. அந்த அமைதியில் பேச்சியம்மாள் மகன் விக்கி விக்கி அழுவது மட்டும் கேட்டது.

தகரம்

மேஸ்திரி முகம் கடுகடுக்க இறங்கி வந்தார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறீக" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். முணுமுணுப்பு நின்றது.

ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவர் இருந்தது நல்லதாயிற்று. காங்கிரீட்டை அந்தச் சுவரின் மேலேயே நிறுத்தி, விளிம்பை நேராக முடிக்கச் சொன்னார் மேஸ்திரி. முட்டுகளை நிறுத்திய சென்ட்ரிங் முருகேசன் கடப்பாரையோடு வந்தார். "ஒரு பலகை போட்டுத் தட்டுனா முடிஞ்சுபோச்சு" என்று நேராக உள்ளே போகப் போனவரின் சட்டையை மாமனார் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"வாசல்ல நின்னு தொடுடா."

முருகேசன் வாசலில் நின்றபடி கடப்பாரையை நீட்டி, மூலைக் கம்பின் காலடிச் செங்கல்லை லேசாகத் தட்டினார். லேசாகத்தான்.

செங்கல் நழுவியது. கம்பு சாய்ந்தது. அது தாங்கியிருந்த சட்டம் ஒரு பக்கம் இறங்க, மேலிருந்த இரும்புத் தகரம் இரண்டு அடுத்தடுத்து வந்து விழுந்தன. ஒன்று படுத்து விழுந்தது. இன்னொன்று விளிம்பு கீழாக இறங்கி மண்ணில் குத்திட்டு நின்றது. தூளிகள் தொங்கிய இடம்.

மேலே கட்டிய கம்பிகள் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றின் வழியாகக் கட்டம் கட்டமாக வானம் தெரிந்தது. அதன் மேல் ஒரு சட்டிக் காங்கிரீட்கூட இன்னும் ஏறியிருக்கவில்லை.

முருகேசன் தன் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு மாமனார் பிடித்திருந்த சட்டையைப் பார்த்தார். பேச்சியம்மாள் சாரத்திலிருந்து இறங்கி ஓடிவந்து, என் இடுப்பிலிருந்த மகனைப் பிடுங்காத குறையாக வாங்கி, தலையிலிருந்து கால்வரை தடவினாள். தடவி முடித்துவிட்டு மறுபடி தலையிலிருந்து தொடங்கினாள்.

நான் புங்கமரத்தைப் பார்த்தேன். மணல் மூட்டையின் மேல் அபி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஜல்லிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

'போனீக, திரும்புனீக'

ஒன்றரை மணி நேரம் வேலை நின்றது. சேற்றை அள்ளிக் கொட்டி, காய்ந்த மண் போட்டு இடித்து, அகலப் பலகை பரப்பி, முன்னைவிட இரண்டு மடங்கு கம்பு நிறுத்தினார்கள். மேஸ்திரி ஒவ்வொரு கம்பையும் தானே பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடாத கம்பையும் இரண்டு முறை ஆட்டினார். அடுப்படி முடிந்து மற்ற அறைகளுக்கும் போனார். காங்கிரீட் ஏறிவிட்ட ஹாலுக்கு அடியிலும் முருகேசன் ஓரமாக நின்று ஆப்புகளைச் சரிபார்த்தார். அங்கே மண் காய்ந்து கட்டியாக இருந்தது.

டீ கொடுக்கும்போது, தண்ணீர் விட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். இருபத்தைந்து நாள் என்பதையும் சொன்னேன்.

மேஸ்திரி டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மாமனாரிடம் திரும்பி, "அய்யா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா உள்ளயே நாத்து நட்டிருக்கலாம். இந்நேரம் கதிர் வந்திருக்கும்" என்றார்.

முதலில் மாமனார்தான் சிரித்தார். அப்புறம் எல்லாரும். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நான் பத்து நாளுன்னு சொன்னேன். பதினோராம் நாளு வந்து போதும்னு சொல்லல. அது என் தப்புதான்" என்றார் மேஸ்திரி, சிரிப்பு அடங்கிய பிறகு. "ஈரத்துல முட்டு நிறுத்துனது முருகேசன் தப்பு. பிள்ளையக் கொண்டாந்து அதுக்கடியில போட்டது இந்தக் கழுதை தப்பு."

"அப்ப எங்கன போடச் சொல்றீக?" பேச்சியம்மாள் விடவில்லை. "உங்க தலையில முண்டாசு கட்டியிருக்கீகளே, அதுல கட்டித் தொங்க விடவா? அழுதா எனக்குக் கேக்கணும்ல. அந்தா தூரத்து மரத்துல கட்டுனா, நாய் இழுத்துட்டுப் போனாலும் தெரியாது."

மாமனார் எழுந்து போய்த் தன் நாற்காலியைப் புங்கமரத்தடியில் போட்டுக்கொண்டார். "நான் இங்கன இருக்கேன். கட்டு" என்றார். மதியம் முழுக்கத் தூளிக் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு ஆட்டியபடியே காங்கிரீட்டை மேற்பார்வை செய்தார்.

சாயங்காலம் கை கால் கழுவும்போது பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்தாள். எதையாவது கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். பயந்தபடியே ஆயிற்று.

"சாரத்து மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் தாயி. நீங்க பாப்பாவ மட்டும் தூக்கிக்கிட்டுப் போனீக. என்னடா இதுன்னு நெனச்சேன். அப்புறம் திரும்புனீக."

நான் கழுவிய காலையே மறுபடி கழுவினேன்.

"நானா இருந்தாலும் எம்பிள்ளையத்தான் மொதல்ல தூக்குவேன்" என்றாள். அவ்வளவுதான். சேலை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் மனது பெரிது. ஆனால் அவள் பதில் சொன்னது, 'முதலில் யாரைத் தூக்கினாய்' என்ற கேள்விக்கு. தூக்குவதற்கு என் பிள்ளையே அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சளக் சத்தத்தை நான் குனிந்து பார்த்திருப்பேனா? 'மேஸ்திரிக்குத் தெரியும்' என்று டீ ஊற்றப் போயிருப்பேனோ?

டீச்சரம்மா பரிச்சை

வீடு நல்லபடியாக முடிந்தது. பால் காய்ச்சிக் குடிபோனோம். இன்றுவரை கூரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

கருப்பையா மேஸ்திரி அதன் பிறகு எங்கள் தெருவிலேயே மூன்று வீடு கட்டினார். காங்கிரீட் அன்று தேங்காய் உடைப்பதற்கு முன்னால், உள்ளே போய் ஒவ்வொரு முட்டுக்கம்பாக ஆட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் இருந்தால் எங்கள் வீட்டு வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் மெஷினை ஓட்டச் சொல்வார். ஆட்கள் அதற்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள்.

"டீச்சரம்மா பரிச்சை முடிஞ்சிருச்சா மேஸ்திரி?"

"முடிஞ்சிருச்சு. ஒரு கம்பு பெயிலு. பலகை வச்சுப் பாஸாக்கிருக்கேன்."

சன்னல் வழியாக இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இட்லிக்கு மாவு ஊற்றும் கை ஒரு நிமிடம் நின்று போகும். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் இன்னும் வரவில்லை. நான் நடத்திய ஒரே பரீட்சை அதுதான்.

எதிர்வீடு

இப்போது எங்கள் எதிர்ப் பிளாட்டில் வீடு எழும்புகிறது. கருப்பையா மேஸ்திரி குமுளிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். இது வேறு மேஸ்திரி, வேறு ஆட்கள். வீட்டுக்காரர் வெளியூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார். கட்டுமானத்தின் முன்னால் பூசணிக்காய்ப் பொம்மை, திருஷ்டிக் கயிறு, படிகாரம் எல்லாம் தொங்குகின்றன. முன்பின் தெரியாத பெண் போய்ச் 'சரியும்' என்ற பேச்சை எடுத்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று கற்பனை செய்ய எனக்குக் கஷ்டமே இல்லை.

அங்கே ஒரு சித்தாள் பெண் இருக்கிறாள். பெயர் தெரியாது. கைக்குழந்தை இருக்கிறது. என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போடம்மா என்று போன வாரம் கூப்பிட்டேன். "அழுதா கேக்காதுக்கா" என்று சொல்லிவிட்டாள். பேச்சியம்மாள் சொன்ன அதே வார்த்தை. இப்போதைக்குத் தூளி சன்னல் கம்பியில் தொங்குகிறது. சுவர் முடிந்து முட்டுக்கம்பு வந்ததும் அதற்குத்தான் மாறும். அதுதான் நிழல், அதுதான் குளிர்ச்சி. சென்ட்ரிங் வேலை அடுத்த மாதம் என்கிறார்கள்.

சுவருக்குத் தண்ணீர் விட ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். நல்ல பொறுப்பான ஆள். இரண்டு வேளையும் விடுகிறார். நிறுத்து என்று யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை.

மாமனாரை ஓடைப்பட்டியிலிருந்து வரச் சொல்லலாமா என்று யோசித்தேன். "அடுத்தவன் வீட்டு வாசல்ல நின்னு கத்தச் சொல்றியா ஆத்தா?" என்பார். வந்தாலும் வருவார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவரையே வைத்துச் சொல்ல வைக்க முடியுமா?

அபி இப்போது நாலாம் வகுப்பு. காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். எதிர்வீட்டுத் தூளியில் என் பிள்ளை இல்லை.

ஆகவே வாசகர்களே, உங்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். காங்கிரீட் அன்று காலையில், சாமி கும்பிட்டு எல்லாரும் சந்தோஷமாக நிற்கும் ஒரு வாசலில், அவர்கள் மனம் கோணாமல், பிள்ளையை அப்புறப்படுத்தவும் முட்டுக்கம்பை ஒருமுறை ஆட்டிப் பார்க்கவும் எப்படிச் சொல்வது? அன்றைக்கே சொல்வதா, முன்கூட்டியே போவதா? வீட்டுக்காரரிடமா, மேஸ்திரியிடமா, அந்தப் பெண்ணிடமா? நீங்கள் சொல்லிப் பார்த்து யாராவது கேட்டிருந்தால், முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த முதல் வாக்கியம் மட்டும் கிடைத்துவிட்டால் போதும். ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டு வாசல்வரை எத்தனை அடி என்று நேற்றே நடந்து பார்த்துவிட்டேன்.